மீனைப் பிடிக்காமல் விட்டால் பணம் கொட்டும்... தெரியுமா?

2012 என்ற ஒரே ஆண்டில் 8,300 கோடி டாலர் கடலில் மூழ்கிப்போனது, தெரியுமா? கப்பல் எதுவும் கவிழவில்லை. கொள்ளை எதுவும் போகவில்லை. உலகத்தின் கடல் மீன்பிடித் தொழிலுக்கு வந்திருக்க வேண்டிய லாபம், வராமலே போன லாபம் அது! உலக வங்கி கணக்குப் போட்டு 2017இல் வெளியிட்ட தொகை இது.

ஏன் வராமல் போனது? மீனைக் குறைவாகப் பிடித்ததாலா? அதுதான் இல்லை! அளவுக்கு மீறிப் பிடித்ததால்! மீன்பிடிப்பை 44 சதவீதம் குறைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால் கடலில் மீன் வளம் 2.7 மடங்காகப் பெருகும், கரைக்கு வரும் மீனும் கூடும் என்கிறது அதே அறிக்கை. படகு குறைவு, டீசல் குறைவு, ஆனால் மீன் அதிகம், வருமானமும் அதிகம்! வேலையைக் குறைத்தால் விளைச்சல் கூடுகிற தொழில் வேறு எங்காவது உண்டா?

இந்தப் புதிருக்கு 1954லேயே விடை சொல்லிவிட்டார் ஒருவர். கனடாவின் பொருளியல் பேராசிரியர் ஸ்காட் கோர்டன். கடல் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஒருவர் லாபம் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரும் படகு வாங்குவார். அவரைப் பார்த்து இன்னொருவர். இப்படியே படகுகள் பெருகிப் பெருகி, மீன் விற்ற காசும் கடலுக்குப் போன செலவும் சரிக்குச் சரி ஆகும்வரை போய்க்கொண்டே இருக்கும். அங்கே லாபம் எவ்வளவு? பூஜ்யம்! உழைப்பில் குறையில்லை, கடலில் வளம் இருந்தது, ஆனால் கையில் ஒன்றும் நிற்காது!

2022இல் உலகில் எத்தனை மீன்பிடிப் படகுகள் இருந்தன தெரியுமா? சுமார் 49 லட்சம்! தாங்கும் அளவைத் தாண்டிப் பிடிக்கப்படும் மீன் இனக் கூட்டங்கள் 1974இல் 10 சதவீதம். 2021இல்? 37.7 சதவீதம்!

கூடையை இறக்கினாலே மீன்!

வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். ஒரு கூடையில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கினால் போதும், மீனோடு மேலே வரும்! 1497இல் ஜான் கபோட்டின் கப்பல் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போய்த் திரும்பியபோது இங்கிலாந்தில் பரவிய செய்தி இது. அந்த மீன் காட். அடுத்த ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவுக்குச் சோறு போட்ட மீன்!

பல நூற்றாண்டுகளாக அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்குள்தான் பிடித்தார்கள். கடல் ஈடுகொடுத்தது. பிறகு வந்தன தொழிற்சாலைக் கப்பல்கள். பிடித்த மீனைக் கடலிலேயே வெட்டி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துவிடும் ராட்சதக் கப்பல்கள்! இரவும் இல்லை, பகலும் இல்லை. 1968இல் மட்டும் எவ்வளவு அள்ளினார்கள்? 8.1 லட்சம் டன்!

அதன் பிறகு சரிவுதான். 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லை போட்டு வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! அந்த இடத்தில் கனடாவின் சொந்தக் கப்பல்கள் பெருகின.

இதில் ஆச்சரியமான ஒன்று. கடைசிவரை கப்பல்களுக்கு மீன் கிடைத்துக்கொண்டே இருந்தது! எப்படி? காட் மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்பவை. எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சமிருப்பவை இன்னும் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டன. ஒலியை அனுப்பி மீனைத் தேடும் எக்கோ சவுண்டர் கருவி அந்தக் கூட்டத்தைக் காட்டிக் கொடுத்தது. வலையின் மடி நிறைந்தே வந்தது. மடி நிறைந்து வருவதைப் பார்த்து, கடலும் நிறைந்திருக்கிறது என்று நம்பினார்கள். கடல் காலியாகிக்கொண்டிருந்தது!

1992 ஜூலை 2. கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அறிவித்தார்: காட் பிடிக்கத் தடை! ஒரே நாளில் சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. கனடாவின் வரலாற்றிலேயே ஒரே அடியில் இத்தனை பேர் வேலை இழந்தது அதுவரை இல்லை. தடை எத்தனை ஆண்டுகளுக்கு என்று சொன்னார்கள்? இரண்டு! எத்தனை ஆண்டுகள் நீடித்தது? முப்பத்திரண்டு!

2024இல்தான் தடை முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டு அனுமதித்த அளவு 18,000 டன். 1968இல் அள்ளியதில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. தடையை நீக்கியது சரியா, அவசரமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. அவசரம் என்பவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

இன்னொரு விந்தையும் கேளுங்கள். காட் போன கடலில் இறாலும் பனி நண்டும் பெருகின. அவற்றைத் தின்னும் காட் இல்லையே! சில ஆண்டுகளில், பழைய காட் காலத்தைவிட அதிகப் பணத்தை அந்த இறாலும் நண்டும் கொண்டுவந்தன! ஆனால் காட் வெட்டி, உப்பிட்டுப் பிழைத்த ஊர்களுக்கு அந்தப் பணம் போகவில்லை. அந்த ஊர்களில் இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வட்டிக்கடை கணக்கும் மீனும்

ஒரு மீன் இனத்தை அடியோடு அழித்துவிடுவது லாபக் கணக்குப்படி சரியாக வரலாம் என்றால் நம்புவீர்களா? 1973இல் கனடாவின் கணிதப் பேராசிரியர் காலின் கிளார்க் நிரூபித்துக் காட்டினார்! ஒரு மீன் இனம் ஆண்டுக்கு 3 சதவீதம் பெருகுகிறது, வங்கி வட்டி 8 சதவீதம் என்று வையுங்கள். பேராசைக்காரர் என்ன செய்வார்? இருக்கிற மீனையெல்லாம் பிடித்து விற்றுப் பணத்தை வங்கியில் போட்டுவிடுவார்! கிளார்க் இதைச் சொன்னது அழிக்கச் சொல்வதற்காக அல்ல. லாபத்தை மட்டும் நம்பிக் கடலை விடக்கூடாது என்று காட்டுவதற்காக.

அப்படி மெதுவாகப் பெருகும் மீன் இருக்கிறதா? இருக்கிறது! ஆரஞ்சு ரஃபி. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவை ஒட்டிய ஆழ்கடலில் வாழ்வது. நூறு வயதைத் தாண்டி வாழும்! இனப்பெருக்கப் பருவத்துக்கு வரவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும்! 1980களில் இதைத் தேடிக் கப்பல்கள் குவிந்தன. ஒரு தட்டில் பரிமாறிய மீன் துண்டு, அதைச் சாப்பிடுபவரின் தாத்தாவைவிட மூத்ததாக இருந்திருக்கலாம்!

ஆண்டுக்கு இரண்டே நாள் வேலை!

அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன். 1990களின் தொடக்கத்தில் அதைப் பிடிக்க முக்கியமான பகுதிகளில் எத்தனை நாள் அனுமதி தெரியுமா? ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ முறை. ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம்! அவ்வளவுதான்!

மொத்தமாக இவ்வளவு டன்தான் என்று அரசு அளவு வைத்தது. யார் எவ்வளவு என்று பிரிக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? முந்துபவருக்கே மீன்! ஆயிரக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. பெரிய படகு, வேகமான எஞ்சின், கூடுதல் ஆட்கள். அளவு சீக்கிரம் தீர்ந்தது. அரசு நாட்களைக் குறைத்தது. படகுகள் இன்னும் வேகமாகின. அரசு இன்னும் குறைத்தது. கடைசியில் 24 மணி நேரத்தில் வந்து நின்றது!

அந்த ஒரு நாளில் புயல் அடித்தால்? அடிக்கட்டும், போயே ஆக வேண்டும்! உயிர்கள் போயின. தூங்காத கண்களோடு தூண்டில் கயிறுகளை விட்டார்கள். நேரம் முடிந்ததும் எடுக்க முடியாத கயிறுகளை அறுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அறுந்த கயிற்றுத் தூண்டில்கள் கடலடியில் யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருந்தன. கரையில் மலைபோல் குவிந்த மீனுக்கு விலை சரிந்தது. ஆண்டு முழுவதும் அமெரிக்கர்கள் சாப்பிட்டது உறைய வைத்த ஹாலிபட்!

1995இல் ஒரே ஒரு விதி மாறியது. மொத்த அளவை முன்கூட்டியே பங்கு பிரித்து ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கொடுத்துவிட்டார்கள். அவசரமே போய்விட்டது! இரண்டு நாள் சீசன் எட்டு மாதமானது! காற்று அடங்கிய நாள் பார்த்துப் போகலாம், விலை ஏறிய நாள் பார்த்து விற்கலாம். புது மீன் சந்தைக்கு வந்தது. கூடுதல் விலையும் வந்தது!

இதில் கசப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் பங்குகளை இலவசமாகப் பெற்றவர்கள் பின்னால் அவற்றைப் பெரும் விலைக்கு விற்றார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர் படகு வாங்கினால் போதாது, பங்கையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அலாஸ்காவின் சிறு கிராமங்கள் பலவற்றிலிருந்து பங்குகள் வெளியே போய்விட்டன. இப்படிப் பங்கு பிரித்த ஐஸ்லாந்திலும் இதே புகார்தான். கடலின் மீன் சில பெரிய நிறுவனங்களின் கையில் சேர்ந்துவிட்டது என்று மக்கள் கொதிக்கிறார்கள். பங்கு பிரிப்பது நல்ல வழி. ஆனால் முதல் நாளில் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

ஹாலிபட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிரிட்டனின் கையெழுத்து இல்லாமல் கனடா தானே தனியாகக் கையெழுத்திட்ட முதல் சர்வதேச ஒப்பந்தம் எது தெரியுமா? 1923இல் அமெரிக்காவோடு செய்த ஹாலிபட் மீன் ஒப்பந்தம்! ஒரு நாட்டின் சுதந்திரக் கையெழுத்து மீனுக்காக விழுந்தது!

ராணுவமே இல்லாத நாடு கடற்படையை வென்ற கதை

ஐஸ்லாந்து. 1970களில் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். ராணுவம் கிடையாது. ஆனால் பிரிட்டனோடு மூன்று முறை மோதியது. மூன்று முறையும் ஜெயித்தது! காரணம்? காட் மீன்!

1958இல் தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைல் என்றது. 1972இல் 50. 1975இல் 200! பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்கள் வெளியேற மறுத்தன. பாதுகாப்புக்குப் போர்க்கப்பல்கள் வந்தன. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் படகுகளுக்குக் கைகொடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? வலையை அறுக்கும் ஒரு கொக்கி! இழுவைக் கப்பலின் பின்னால் குறுக்கே ஓடி, மடியை இழுக்கும் இரும்புக் கயிற்றை அறுத்துவிடுவார்கள். பல்லாயிரம் பவுண்டு மதிப்புள்ள வலையும் உள்ளே இருக்கும் மீனும் கடலடிக்குப் போய்விடும்!

கப்பல்கள் ஒன்றையொன்று இடித்தன. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்தது. இரண்டும் நேட்டோ கூட்டணி நாடுகள்! அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டன் பணிந்தது. அன்று சண்டை போட்டு வாங்கிய 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர், 1982இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் உலகம் முழுமைக்கும் விதியானது! இன்று நம் நாட்டின் மீன்பிடி எல்லையும் அதிகபட்சம் அந்த அளவுதான்.

சண்டை போட்டு வாங்கிய மீனை ஐஸ்லாந்து எப்படி மதிக்கிறது தெரியுமா? காட் தலையைக்கூட வீணாக்குவதில்லை. காய வைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறது, அங்கே குழம்பில் போடுகிறார்கள்! தோல்? அதை ஆறாத புண்ணுக்கு மருந்துக் கட்டாக மாற்றியது கெரெசிஸ் என்ற ஐஸ்லாந்து நிறுவனம். 2023இல் அந்த நிறுவனத்தை டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் விலை பேசிய தொகை 130 கோடி டாலர் வரை! எல்லாம் மீன் தோலுக்கு!

ஒரு வலையை நியூயார்க்கில் தொங்கவிட்டார்கள்!

1995 மார்ச். கனடாவின் எல்லைக்குச் சற்று வெளியே எஸ்தாய் என்ற ஸ்பெயின் இழுவைக் கப்பல். விதியை மீறி மீன் பிடிக்கிறது என்று கனடா துரத்தியது, கப்பல் வலையை அறுத்துவிட்டு ஓடியது, துப்பாக்கியால் எச்சரித்துப் பிடித்தார்கள். அறுத்துவிட்ட வலையைக் கடலடியிலிருந்து மீட்டார்கள். உள்ளே பார்த்தால், பெரிய கண்ணி வலைக்குள் இன்னொரு சிறு கண்ணி வலை! குஞ்சுகூடத் தப்ப முடியாது! கனடாவின் அமைச்சர் பிரையன் டோபின் என்ன செய்தார்? அந்த வலையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், ஐ.நா. தலைமையகம் பார்க்கும் இடத்தில் ஆற்றில் ஒரு மிதவையில் நிறுத்தி, கிரேனில் தொங்கவிட்டு உலகப் பத்திரிகைகளுக்குக் காட்டினார்!

811 சதுர கிலோமீட்டர் நிலம், இந்தியாவைவிடப் பெரிய கடல்!

கிரிபாட்டி என்ற நாடு. பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகள். மொத்த நிலம் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் 200 கடல் மைல் விதிப்படி அதற்குச் சொந்தமான கடல்? சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர்! இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம்!

அந்தக் கடலில் சூரை மீன் வற்றாமல் ஓடுகிறது. தொலைதூர நாடுகளின் பெரிய கப்பல்கள் வந்து அள்ளின. தீவுகளுக்குக் கிடைத்தது சில்லறை. ஒரு தீவு விலை ஏற்றினால் கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விடும். என்ன செய்வது? எட்டு நாடுகள் கைகோத்தன! மைக்ரோனேசியா, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், நௌரு, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு. 1982இல் நௌருவில் ஒப்பந்தம் போட்டார்கள், துவாலு மட்டும் பின்னர் சேர்ந்தது. பின்னாளில் ஒரு அபாரமான யோசனையும் வந்தது. மீனை விற்காதே, மீன்பிடி நாட்களை விற்பனை செய்!

ஒரு கப்பல் இந்தக் கடலில் ஒரு நாள் மீன் பிடிக்க வேண்டுமா? அந்த ஒரு நாளை விலை கொடுத்து வாங்கு! ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவு நாள்தான் விற்பனைக்கு. 2015இலிருந்து ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 8,000 டாலர்! ஏலத்தில் அதற்கும் மேலே போயிற்று. 2010இல் எட்டு நாடுகளுக்கும் சேர்த்துக் கிடைத்த வருமானம் சுமார் 6 கோடி டாலர். பத்து ஆண்டுகளுக்குள் அது சுமார் 50 கோடி டாலர்! ஒவ்வொரு பெரிய வலைக் கப்பலிலும் கண்காணிப்பாளர் ஒருவர் ஏற வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் இப்போது மீன்பிடி உரிமத்திலிருந்துதான்! பணம் இல்லாத சிறு நாடுகள் ஒற்றுமையை மட்டும் வைத்துச் செய்த இந்தக் காரியத்துக்கு ஈடாக மீன்வள நிர்வாகத்தில் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சூரை என்றதும் மாலத்தீவையும் சொல்ல வேண்டும். அங்கே வலை வீசிச் சூரை பிடிக்கத் தடை! ஆட்கள் படகின் பின்புறம் வரிசையாக நிற்கிறார்கள். உயிரோடு இருக்கும் சின்ன மீன்களைக் கடலில் தூவுகிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அலம்ப வைக்கிறார்கள். சூரைக் கூட்டம் வெறி பிடித்து மேலே வரும். நீண்ட கழியில் முள் இல்லாத தூண்டில். கவ்வியதும் ஒரே வீச்சு! மீன் தலைக்கு மேலே பறந்து தளத்தில் தானாகக் கழன்று விழும். அடுத்த நொடி தூண்டில் மறுபடி தண்ணீரில்! ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் ஆமையும் சுறாவும் சிக்குவது மிகமிகக் குறைவு. இந்தச் சூரையைக் காய வைத்ததுதான் நம் வீட்டுச் சம்பலில் மணக்கிற மாசிக்கருவாடு!

ஒரு மீன் 33 கோடி யென்!

2019 ஜனவரி 5. டோக்கியோவின் டொயோசு சந்தையில் புத்தாண்டின் முதல் ஏலம். 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை. உணவகத் தொழிலதிபர் கியோஷி கிமுரா கொடுத்த விலை 33 கோடியே 36 லட்சம் யென்! அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 21 கோடி ரூபாய்க்கு மேல்! ஒரு கிலோ 12 லட்சம் யென்!

இதே மீனுக்கு 1960களில் கனடாவின் கிழக்குக் கரையில் என்ன விலை? விலையே இல்லை! விளையாட்டுக்காகப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, குழி தோண்டிப் புதைத்தார்கள். அல்லது பூனைத் தீனிக்குப் போட்டார்கள்! ஜப்பானிலிருந்து மின்னணுச் சாமான்களை ஏற்றிவந்த விமானங்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. திரும்பும்போது எதையாவது ஏற்றலாமே என்று ஜப்பான் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் தேடினார்கள். 1972இல் கனடாவின் சூரை பனிக்கட்டியோடு விமானம் ஏறி டோக்கியோ ஏலத்துக்குப் போனது. அந்த விமானம் ஒரு மீனின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது!

110 நாள் துரத்தல்!

தெற்குப் பெருங்கடலில் பிடிபடும் பல் மீனுக்கு வெள்ளைத் தங்கம் என்று பெயர். அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வந்த தண்டர் என்ற கப்பலை இன்டர்போல் தேடிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில், கடல் உயிர்களைக் காக்கும் சீ ஷெப்பர்ட் அமைப்பின் பாப் பார்க்கர் கப்பல் அதைக் கண்டுபிடித்தது. தண்டர் வலையைப் போட்டுவிட்டு ஓடியது. பின்னால் வந்த சாம் சைமன் என்ற இன்னொரு கப்பல் அந்த வலையை எடுத்தது. எவ்வளவு நீளம் தெரியுமா? 72 கிலோமீட்டர்!

பனிப்பாறைகளுக்கு நடுவே, மூன்று பெருங்கடல்களைத் தொட்டு, 110 நாள் துரத்தல்! 2015 ஏப்ரல் 6. ஆப்பிரிக்காவின் சாவோ தோமே அருகே தண்டர் மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்த 40 பேரையும் துரத்தியவர்களே காப்பாற்றினார்கள்! மூழ்கும் கப்பலில் அவர்கள் ஏறிப் பார்த்தபோது, தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டிய கதவுகள் திறந்தபடியே கட்டி வைக்கப்பட்டிருந்தன! ஆதாரத்தைக் கடலுக்குள் அனுப்பத் தாங்களே மூழ்கடித்தார்கள் என்பதுதான் பொருள். சாவோ தோமே நீதிமன்றம் போட்ட அபராதம் 1.5 கோடி யூரோவுக்கு மேல்!

பெருவின் நெத்திலியும் அமெரிக்கக் கோழியும்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் நெத்திலி இனத்து மீன் ஒன்று. 1970இல் எவ்வளவு பிடித்தார்கள்? 1.2 கோடி டன்னுக்கு மேல்! அன்று உலகக் கடல்களில் பிடிபட்ட மீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த விரல் நீள மீன்! மனிதர் தின்னவா? இல்லை! அரைத்துத் தூளாக்கிக் கோழிக்கும் பன்றிக்கும் தீனி!

1972இல் எல் நினோ வந்தது. கடல் சூடானது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துப் பலவீனமாகியிருந்த மீன் கூட்டம் நொறுங்கியது. 1973இல் பிடிபட்டது சுமார் 20 லட்சம் டன் மட்டுமே! கோழித்தீனிக்கு உலகமே சோயாவைத் தேடி ஓடியது. வேறு காரணங்களும் சேர்ந்து சோயா விலை எகிறியது. 1973இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஜப்பான் பதறிப்போய்ப் பிரேசிலில் சோயா வயல்களுக்குப் பணம் போட்டது! பெருக் கடலில் ஒரு சின்ன மீன் காணாமல் போனதில் பிரேசிலில் புல்வெளிக் காடு வயலானது!

பெரு பாடம் கற்றது. 2009இலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் தனி அளவு. 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகள் வலையில் கூடுதலாக வந்தால் அந்தக் கடற்பகுதியையே சில நாள் மூடிவிடுகிறார்கள்!

இயற்கை ஒரே அடியில் எவ்வளவு பறிக்கும் தெரியுமா? அலாஸ்காவின் பெரிங் கடலில் 2018க்குப் பிறகு சில ஆண்டுகளில் காணாமல் போன பனி நண்டுகள் சுமார் 1,000 கோடி! உலக மக்கள்தொகையைவிட அதிகம்! கடல் சூடானதில் நண்டுகளுக்குப் பசி கூடியது, இரை போதவில்லை, பட்டினியில் செத்தன. 2022இல் முதன்முறையாக அங்கே பனி நண்டு சீசனே ரத்தானது.

போலீஸ் இல்லாமலே நடக்கும் நிர்வாகம்

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையில் சிங்கி இறால் பிடிப்பவரைப் பாருங்கள். கூண்டைத் தூக்குகிறார். உள்ளே ஒரு பெரிய பெட்டை, வயிற்றில் ஆயிரக்கணக்கான முட்டைகள் கரு மணிகளாக ஒட்டியிருக்கின்றன. நல்ல விலை போகும். அவர் என்ன செய்கிறார்? வால் துடுப்பில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கடலில் விட்டுவிடுகிறார்! அடுத்த முறை முட்டை இல்லாமல் வேறொருவர் கூண்டில் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்ததும் அவரும் விட்டுவிட வேண்டும். இது முட்டையிடும் தாய் என்பதற்கான அடையாளம்! அளவுகோலை வைத்துப் பார்த்து, சிறியதையும் விடுகிறார்கள், மிகப் பெரியதையும் விடுகிறார்கள்!

துருக்கியின் அலான்யாவில் சுமார் நூறு மீனவர்கள். நல்ல இடத்துக்கு அடிதடி. அலுத்துப்போய் அவர்களே ஒரு வழி கண்டார்கள். மீன் பிடிக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் எழுதினார்கள். செப்டம்பரில் குலுக்கல். யாருக்கு எந்த இடமோ அங்கே முதல் நாள் வலை போடலாம். மறுநாள் ஒவ்வொருவரும் கிழக்கே ஓர் இடம் நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மேற்கே! எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைத்துவிடும். அதிகாரி யாரும் வேண்டாம், ஏமாற்றினால் அன்றைய முறைக்காரரே பிடித்துவிடுவார்! இதைத் தன் புத்தகத்தில் எழுதிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் வாங்கினார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்!

நம் பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது! குலுக்கிப் போட்டு முறை வைத்து இடம் பிரிக்கும் பாடு முறை அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இலங்கையின் தென்கரையில் மாவெல்ல என்ற ஊரிலும் கரைவலைக்கு முறை வைத்திருந்தார்கள். ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. வலைகள் பெருகின, ஒவ்வொருவருக்கும் வரும் முறை குறைந்தது, வருமானம் கரைந்தது. கோர்டன் சொன்னது அப்படியே நடந்தது!

அரசே பணம் கொடுத்துக் கடலைக் காலி செய்யுமா?

செய்கிறது! 2018இல் உலக அரசுகள் மீன்பிடித் தொழிலுக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர். அதில் 2,200 கோடி டாலர், பிடிப்பை இன்னும் தீவிரமாக்கும் வகை! உலகின் மீன்பிடிப் படகுகள் 2011இல் எரித்த எரிபொருள் சுமார் 4,000 கோடி லிட்டர்! மானியம் மட்டும் இல்லையென்றால் நடுக்கடல் மீன்பிடிப் பகுதிகளில் 54 சதவீதம் வரை நஷ்டம்தான் என்று 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. மக்கள் வரிப்பணம் கடலில் கரைத்த பெருங்காயம்! இதற்குக் கடிவாளம் போட உலக வர்த்தக அமைப்பு எத்தனை ஆண்டுகள் பேசியது தெரியுமா? 2001இல் தொடங்கி 2022வரை! 2025 செப்டம்பர் 15இல்தான் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

நம் கரைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 61 நாள்! 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 ஆனது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுவதற்கு. அந்த இரண்டு மாதம் விசைப்படகுத் தொழிலாளிக்குப் பங்கு கிடையாது. மாதச் சம்பளம் இல்லாத தொழில் இது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சமிருப்பதைப் பிரித்துக்கொள்வதுதான் பங்கு. படகு போகாவிட்டால் பங்கும் இல்லை. கடல் பெருகுவதற்காக அந்த வீடுகள் கொடுக்கும் விலை அது.

பக்கத்துக் கேரளம் இன்னும் ஒரு படி போனது. எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். அயிலைக்கு 14 சென்டிமீட்டர்!

அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். அதன் அகலத்தைக்கூடத் தாண்டாத மத்தி கூறு கட்டிக் கிடந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்!